காராட்டுக்குக் கேரட்

கோலா சிலாங்கூரில் துருப்பிடிக்காதது என்று ஒன்று இருந்தால் அது காராட் அண்ணன்தான். மற்றதெல்லாம் பிடிக்கும். ஒரு பக்கம் கடல் காற்று, மறு பக்கம் ஆற்று ஈரம். புது சைக்கிள் முதல் தீபாவளிக்குப் பளபளக்கும், இரண்டாவது தீபாவளிக்குக் கிறீச்சிடும், மூன்றாவது தீபாவளிக்குப் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். என் வீட்டு கேட்டை நாங்கள் யாரும் வேகமாகச் சாத்துவதில்லை. கேட்டும் எங்களிடம் அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஊரில் துருவோடு மல்லுக்கட்டுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர் அவர். தஞ்சோங் காராங் போகிற சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. லோரிகளின் அடிப்பாகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் தார் மாதிரி ஒரு கறுப்பு மருந்தைப் பீய்ச்சி அனுப்புவார். கொட்டகை வாசலில் 'ஆன்டி காராட்' என்று மலாயில் ஒரு போர்டு. காராட் என்றால் துரு. ஆன்டி காராட் என்றால் துரு எதிர்ப்பு. ஒரு பெருமழையில் போர்டின் முன்பாதியைப் பிடித்திருந்த ஆணிகள் துருப்பிடித்து அற்றுப்போய், அந்தப் பாதி விழுந்துவிட்டது. 'காராட்' மட்டும் மிஞ்சியது. வாசலில் 'துரு' என்று பெரிய எழுத்தில் மாட்டியிருந்த கடைக்கு லோரிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் அதைத் திருத்தவே இல்லை.

"தெரிஞ்சவங்க வருவாங்க லா. தெரியாதவங்க போர்டைப் பாத்து வருவாங்க," என்பார்.

அன்றிலிருந்து அவர் காராட் அண்ணன். அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டைக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணியும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரும்பைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'டப்' என்றால் உள்ளே துரு. பிறகு வெளியே வந்து தீர்ப்புச் சொல்வார். "இன்னும் ரெண்டு மழை தாங்கும்." மழை என்றால் ஒரு மழைக்காலம், அதாவது ஒரு வருஷம். அவர் இரண்டு மழை என்று சொன்ன லோரி மூன்றாவது மழையைப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எதிரே இருக்கும் லோரி கம்பெனியில் எனக்கு எழுத்து வேலை. எஸ்டேட்டை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் எழுத்து வேலை பார்க்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் கிராணி என்றுதான் பெயர்.

ஊர் லோரியையெல்லாம் தட்டிப் பார்த்தவர் தன்னை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. ஆள் நூற்றுப் பதினெட்டு கிலோ. காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இரண்டு பொட்டலம், பத்து மணிக்கு எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், மத்தியானம் அண்ணி கொண்டுவரும் ஆட்டிறைச்சிப் பிரட்டல், நாலு மணிக்குச் சுடச்சுட வாழைப்பழப் பொரியல். இவ்வளவு சாப்பிடுகிறீர்களே என்று கேட்டால் அதற்கும் பதில் இருந்தது.

"லோரிக்கு அடியில போறவன் லா நான். ஜாக்கி நழுவுனா வயிறுதானே தாங்கணும்."

இந்த வயிறு ஒரு நாள் அம்மனையே நிறுத்திவிட்டது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் பழைய எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு ரதம் புறப்படும். ஒரு கிழட்டு லோரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய ரதம் அது. துருவெடுத்து மருந்தடித்துக் கொடுத்தவர் காராட் அண்ணன். எஞ்சின் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஜனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். நிற்க வேண்டிய இடத்தில் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தோடு நடந்தவர் அவர். "ஆத்தாவுக்கு பிரேக் நான்தான்," என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கோயில் கூட்டத்தில் யார் என்ன யோசனை சொன்னாலும் முதலில் எதிர்ப்பவரும் அவரே என்பதால், முட்டுக்கட்டை என்ற பட்டம் அவருக்கு வருஷம் முழுவதும் பொருந்தும்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆடி. சாயங்காலம் நாலரை மணி. ரதம் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. தீபாராதனை முடிந்து மறுபடி இழுத்தார்கள். நகரவில்லை. இன்னும் இருபது பேர் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. "ஆத்தா நகர மாட்டேங்குறா," என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூசாரிக்கு அருள் வந்து, யாரோ குறை வைத்திருக்கிறீர்கள் என்றார். கோயில் தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று சாஷ்டாங்கமாக விழுந்து மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு என்னவோ சந்தேகம் தட்டியது. சக்கரத்தின் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். முட்டுக்கட்டை சக்கரத்தின் அடியில் அப்படியே இருந்தது. முட்டுக்கட்டையின் மேல் காராட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத, கிராணி. ரெண்டே நிமிஷம், எந்திரிச்சிடுவேன்."

முகம் சாம்பல் பூத்திருந்தது. அம்மனைத் தடுத்த குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அவர் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, ரதத்தோடு போகலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் அடுத்த ஆடிக்கு அவரே முட்டுக்கட்டை. இல்லாவிட்டால் வேறு ஆள். செயலாளர் என்ற முறையில் அதை எழுதி அவர் கையில் கொடுத்தவன் அடியேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முழுவதும் ஒரு லோரியைக்கூடத் தட்டவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் லா. ஒரு தடவகூட ரதம் என்ன மீறிப் போனதில்ல," என்றார் கடைசியில். பிறகு என்னை முறைத்தார். "எழுதுன கை உன்னோடது. நீயே என்ன கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போ."

அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். பொறுமைசாலி. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், டாக்டர் மாத்திரை எழுதினார். மிஸ்ஸி எங்களை உட்கார வைத்து மலாயில் விளக்கினார். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு இருதயத்துக்கு ஆகாது. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து, அது கெட்டு, இரும்பில் காராட் பிடிப்பது மாதிரி குழாயைக் கெடுக்கும். கலர் கலரான காய், பழம், கீரையில் ஆன்டி-ஆக்சிடன் இருக்கிறது. அது அந்தக் கெடுதலைக் கொஞ்சம் தடுக்க உதவும். அதோடு எண்ணெய், தேங்காய்ப்பால், சீனி எல்லாம் குறைய வேண்டும், நடக்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது. கால் மணி நேரம் பேசினார். எங்கள் ஆள் காதில் விழுந்தது ஒரே வார்த்தை.

காரில் ஏறியதும் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"கேட்டியா? உள்ள காராட்."

"கேட்டேன் அண்ணே. எண்ணெயக் கொறைக்கச் சொன்னாங்க, நடக்கச் சொன்னாங்க..."

"அத விடு லா. ஆன்டின்னு என்னமோ சொன்னாங்களே, அது என்ன? ஆன்டி காராட். முப்பது வருஷமா லோரிக்கு நான் அடிக்கிறத எனக்கு அடிச்சுக்கச் சொல்றாங்க. எனக்கேவா பாடம்?" திடீரென்று முகம் மலர்ந்தது. "அப்பறம் பேரப் பாரு. காராட்டுக்கு மருந்து என்ன? கேரட். சாமி பேருலயே எழுதி வச்சிருக்கு."

"மலாய்ல கேரட்டுக்கு லோபாக்னு சொல்லுவாங்க அண்ணே."

"அது அவங்க பேரு. என் சீக்குக்கு என் பேரு."

அன்றைக்கே பசார் சந்தையில் ஒரு மூட்டை கேரட் வாங்கினார். அதுவரை சட்டைப் பையில் சுத்தியல் மட்டும் இருந்தது. இப்போது பக்கத்தில் இரண்டு கேரட். லோரிக்கு அடியிலிருந்து 'டங்', 'டப்' என்ற சத்தத்தோடு 'கறுக் கறுக்' என்ற சத்தமும் வந்தது. சுரண்ட வந்த லோரியை விட்டுவிட்டு ஓட்டி வந்த டிரைவரைப் பிடித்துக்கொள்வார். விரல் முட்டியால் நெஞ்சில் தட்டிக் காதைச் சாய்ப்பார். "டப்புங்குது. கலர் சாப்புடு." தபால்காரரைத் தட்டினார். தலைவரைத் தட்டினார். ஒரு கல்யாணத்தில் பந்தி பந்தியாகப் போய் இலையைப் பார்வையிட்டார். "வெள்ளச் சோறு, வெள்ள அப்பளம், வெள்ளப் பாயாசம். பிரைமரே இல்லாத இல." மாப்பிள்ளைக்கு விபூதி பூசும் சாக்கில் தட்டிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் வந்து, "தைரியமா குடுங்க, நல்ல இரும்பு," என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது மாதம் அவர் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று நான் பதறினேன். அவர் இரண்டு கையையும் வெயிலில் விரித்துப் பார்த்துப் பூரித்தார்.

"பிரைமர் ஏறிடுச்சு, கிராணி."

கேரட் அளவு மீறினால் அப்படித்தான் ஆகும், ஒன்றும் செய்யாது, ஆனால் மூட்டை மூட்டையாகத் தின்ன வேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னார். சரி என்று பீட்ரூட்டுக்கு மாறினார். ஒரு நாள் காலை ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு என் காதருகே குனிந்தார். "வருது," என்றார்.

"என்ன வருது?"

"காராட் லா. வெளிய வருது. செக்கச் செவேல்னு."

ஆதாரத்தை ஒரு தண்ணீர் போத்தலில் பிடித்து, அண்ணியின் நல்ல துவாலையில் சுற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். மிஸ்ஸி போத்தலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நேற்று பீட்ரூட் எவ்வளவு குடித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மூன்று கிளாஸ். அந்தச் சிவப்பு பீட்ரூட்டின் சிவப்பு என்று தெரிந்ததும் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. அந்த வாட்டத்தோடு எடை மிஷினில் ஏறினார். நூற்றிருபது. இரண்டு கிலோ கூடியிருந்தது.

"மிஷின்ல காராட் பிடிச்சிருக்கு," என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வேனிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து, மிஸ்ஸி தடுப்பதற்குள் மிஷினுக்கு நாலு பக்கமும் எண்ணெய் விட்டார். மறுபடி ஏறினார். நூற்றிருபது, சத்தமில்லாமல்.

கூடாமல் என்ன செய்யும்? சேர்த்தாரே ஒழிய எதையும் கழிக்கவில்லை. நாசி லெமாக் இரண்டு பொட்டலம் அப்படியே இருந்தது, அதன் மேல் ஒரு கேரட். ஆட்டிறைச்சி அப்படியே இருந்தது, அதன் மேல் ஒரு குத்துக் கீரை. "மேல அடிச்சாச்சு லா, இனிமே பிடிக்காது," என்று தெம்பாகச் சாப்பிடுவார். யாரோ விற்ற ஆன்டி-ஆக்சிடன் மாத்திரை டப்பா ஒன்றும் வாங்கினார். காயிலும் பழத்திலும் இருப்பதை அங்கேயே சாப்பிடுங்கள், டப்பா வேண்டாம் என்று மிஸ்ஸி அதைத் திருப்பி அனுப்பினார். நானும் சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்கு யார் உபதேசம் செய்வது? ஆடிக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. ராத்திரி படியேறும்போது நடுவில் நின்றுவிடுகிறார் என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் மண் லோரிக்காரர் ஒருவர் அவசரமாக வந்தார். மறுநாள் லோரிக்குப் பரிசோதனை. அடியில் துரு உரிந்து தொங்கியது.

"சொரண்டல்லாம் நேரமில்ல, அண்ணே. மேலாப்ல கறுப்பா அடிச்சு விடுங்க. பாக்கப் பளிச்சுன்னு இருந்தா போதும்."

காராட் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"தொரு மேல அடிக்கச் சொல்றியா? என் கையாலயா? மேல கறுப்பா மினுக்கும், அடியில அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். வெளிய தெரியாது. ஒரு நாள் ரோட்டுல ரெண்டாப் பொளந்து நிக்கும்போதுதான் தெரியும். மொதல்ல சொரண்டணும். ஒரு வாரமானாலும் சொரண்டணும். மருந்து அதுக்கப்பறம்தான். எத்தன மருந்து அடிச்சாலும் சொரண்டாத இரும்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

லோரிக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். வாசலில் அண்ணி சாப்பாட்டு டிபனோடு நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். டிபனை மேசை மேல் வைத்தார்.

"இதத்தானேங்க அந்த மிஸ்ஸி உங்ககிட்ட அஞ்சு மாசமா சொல்றாங்க," என்றார்.

அண்ணன் டிபனைத் திறந்தார். ஆட்டிறைச்சி, மேலே கீரை. கீரையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த இறைச்சியைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்தார். என்ன கேட்டதோ, சொல்லவில்லை. அன்று கீரையும் ஒரு பிடி சோறும் சாப்பிட்டார்.

மறுநாள் கொட்டகைச் சுவரில் சாக்குக்கட்டியால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார். லோரியில் சுரண்ட வேண்டிய இடத்துக்குப் போடுகிற அதே வட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயர். இரண்டாவது பொட்டலம். ரொட்டி சானாய். தேநீர்ப் பால். வாழைப்பழப் பொரியல். ஒன்றை விட்டு ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அந்த வட்டத்தை அழிப்பார். வாழைப்பழப் பொரியலை மட்டும் மூன்று தடவை அழித்துவிட்டு மூன்று தடவை மறுபடி வரைந்தார். ஆட்டிறைச்சி மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று அண்ணியோடு ஒப்பந்தமானது. கேரட் நாளைக்கு ஒன்று, மிஸ்ஸியின் கணக்கு.

காலையில் புக்கிட் மெலாவாத்தி மலை ஏறினார். எழுதிய கை என்னுடையது என்பதால் நானும் ஏற வேண்டியிருந்தது. முதல் நாள் முதல் வளைவோடு இருவரும் திரும்பிவிட்டோம். அங்கே இருக்கும் குரங்குகளைக் காட்டி, "எலையத் தின்னுட்டு எப்படி ஏறுது பாரு. ஒண்ணுக்காவது மூச்சு வாங்குதா?" என்றார். ஒரு குரங்கை நெருங்கித் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். அது முந்திக்கொண்டு அவர் கன்னத்தில் தட்டிவிட்டு, பையிலிருந்த கேரட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது.

ஆனி மாதக் கடைசியில் நூற்று ஆறு கிலோ. மறுபடி வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் கடிதம் கொடுத்தார். கொட்டகையில் உட்கார்ந்து நான் வாசித்தேன். முதல் வரி: ரதத்தோடு மெதுவாக நடந்து போகலாம். அண்ணன் முகத்தில் சிரிப்பு பரவியது. இரண்டாவது வரி: கனமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து தள்ளக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது.

முட்டுக்கட்டை கருங்காலி மாதிரி கனத்த மரம். ஒரு அரிசி மூட்டையின் கனம் இருக்கும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டத்தில் கடிதத்தை வாசிக்கப் போகிறவன் நான்தானே.

"அண்ணே, மொத வரிய மட்டும் வாசிச்சுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் சுவரில் அழித்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரு மேல அடிக்காத, கிராணி," என்றார். "முழுசா வாசி."

முழுசாக வாசித்தேன். தலைவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து, "நான் ரதத்தோட போறேன். கட்டைய கிராணி தூக்குவான். எப்பப் போடணும்னு நான் சொல்றேன்," என்றார். ஒரு யோசனையை யாரும் எதிர்க்காமல் அந்தக் கூட்டம் ஏற்றது அதுவே முதல் தடவை. எதிர்க்க வேண்டிய ஆள் அவர்தானே.

ஆடி வந்தது. அண்ணன் புது வேட்டியோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் கைவீசி நடந்தார். நான் கட்டையோடு பின்னால் போனேன். "போடு" என்பார், போடுவேன். "எடு" என்பார், எடுப்பேன். வாய்க்கால் பாலம் வந்தது. போட்டேன். எடுக்கக் குனிந்தேன். கண்ணுக்குள் மின்மினி பறந்தது. சரி, ரெண்டே நிமிஷம் என்று அதன் மேல் உட்கார்ந்தேன்.

"ஆத்தா நகர மாட்டேங்குறா," என்றது ஒரு குரல். எலுமிச்சம்பழம் வெட்டுகிற சத்தம் கேட்டது. தலைவர் விழுந்து மன்னிப்புக் கேட்பதும் கேட்டது.

சக்கரத்தின் இந்தப் பக்கம் காராட் அண்ணனின் முகம் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நெஞ்சில் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எத்தன மழ அண்ணே?"

"சொரண்டுனா முப்பது," என்றார். "நாளைக்குக் காலைல ஆறரைக்கு வண்டியக் கொண்டு வர்றேன். இனிமே என் மலை இல்ல லா, உன் மலை."

அப்புறம் இரண்டு மழை வந்து போய்விட்டது. இப்போது அவர் தொண்ணூற்றெட்டு கிலோ. வாழைப்பழப் பொரியலின் வட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. நான் எவ்வளவு என்று கேட்காதீர்கள், என் சுவரில் வட்டங்கள் அதிகம். தினமும் காலையில் மலையடிவாரத்தில் முதல் காரியமாக என் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, "முப்பது," என்று தலையாட்டிவிட்டுத்தான் நடக்க ஆரம்பிக்கிறார். வருஷம் போனாலும் அந்தக் கணக்கை அவர் குறைப்பதே இல்லை. எனக்கு முப்பது போதும். அவருக்கு முப்பத்தொன்று வேண்டும் என்றுதான் ஆத்தாவிடம் கேட்கிறேன். கடைசி வரைக்கும் என்னைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.